தவம் அண்ணையின் நெஞ்சில் படித்தது

வெள்ளிக்கிழமை பின்னேரம் வதனி அக்கா தொலைபேசியில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பருத்தித்துறைக்கு வரச் சொன்னார். சாப்பாட்டுக்கா என்று கேட்டேன். "சாப்பாடும் இருக்கு. குழாயையும் கொண்டு வாரும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். குழாய் என்றால் ஸ்டெதஸ்கோப். அவரும் என்னைப் போல டொக்டர்தான். அவருடைய வீட்டிலேயே இரண்டு குழாய்கள் கிடக்கும். பிறகு எதற்கு என்னுடையது என்று யோசித்தபடி அலுமாரியைத் திறந்தேன்.

இப்போது நான் பாவிப்பது கறுப்பு நிறத்தில் ஒரு புதியது. அதற்குப் பின்னால், பழைய சேட்டுகளுக்கு அடியில், மாணவனாக இருந்தபோது வாங்கிய நீலக் குழாய் கிடந்தது. றப்பர் விறைத்துப்போய், வளைத்தால் வெடித்துவிடும் போல இருந்தது. எடுத்து மணந்து பார்த்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசம் அதில் இன்னும் இருந்தது. அல்லது இருப்பதாக என் மூக்கு சொன்னது. என் காது ஒருமுறை இல்லாத சத்தத்தைக் கேட்ட காது. மூக்கை மட்டும் எப்படி நம்புவது? அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மண்ணெண்ணெய் வாசம் என்றால் எனக்குத் தவம் அண்ணை. வதனி அக்காவின் கணவர். எஞ்சின் பூட்டிய படகில் பின்னேரம் கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வருவார். சந்தையில் மீனைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நாலைந்து தரம் சவர்க்காரம் போட்டுக் குளிப்பார். குளித்தாலும் அந்த மண்ணெண்ணெய் போகாது. சாப்பிட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, சரியாகப் பத்து மணிக்கு விறாந்தையில் பாயை விரித்துப் படுப்பார். அந்தப் பத்து மணிதான் எங்கள் பள்ளிக்கூட மணி.

நானும் வதனி அக்காவும் பனி கொட்டும் ஒரு நாட்டில், ஒரே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர்கள். ஒன்றாக அல்ல, அவர் எனக்கு எட்டு வருடம் முந்தியவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே ஒரு பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் மருந்துச் சீட்டில் கையெழுத்து வைக்கலாம். முதலில் எழுத்துப் பரீட்சை. பிறகு, கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியைத் தொட்டும் தட்டியும் கேட்டும் பார்த்து, என்ன வருத்தம் என்று சொல்கிற செய்முறைப் பரீட்சை. அதுவரைக்கும் நாங்கள் ஊருக்கு டொக்டர், அரசாங்கத்துக்கு ஒன்றுமில்லை. கலியாண வீட்டில், டொக்டர் தம்பி வாறார், கதிரையைப் போடுங்கோ என்பார்கள். கதிரையில் இருந்த கையோடு யாராவது காலிலுள்ள புண்ணைக் காட்டுவார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நழுவிவிடுவேன்.

உரும்பிராயில் எங்கள் ஐயா வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டே, எப்ப சோதினை என்று கேட்பார். வரும் ஐயா என்பேன். இரண்டு போகம் வெங்காயம் வந்து போய்விட்டது, சோதினை வரவில்லை. அம்மா என்னோடு கதைத்துப் பயனில்லை என்று மருதனார்மடத்து ஆஞ்சநேயரோடு கதைத்து, நான் பாஸ் பண்ணினால் வடைமாலை சாத்துவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

வதனி அக்காவை நான் முதலில் கண்டது யாழ்ப்பாணத்து நகல் எடுக்கும் கடை ஒன்றில். தலையணை அளவில் ஒரு மருத்துவப் புத்தகத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பதினொரு துண்டாக வெட்டித் தனித்தனியாகக் கட்டித் தரும்படி கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அப்படி ஒரு புத்தகத்தைக் கொலை செய்ய மனமில்லாமல் நின்றார். நான் என்னுடைய நகலை ஒரே கட்டாக, கெட்டி மட்டை போட்டு, பொன் எழுத்தில் பெயரும் பதித்து வாங்க வந்திருந்தேன். அந்தக் கெட்டி மட்டைப் புத்தகத்தை முழுதாகப் படித்தேனா என்று கேட்காதீர்கள்.

பதினொரு துண்டின் இரகசியம் அவருடைய வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. இருதயம் அடுப்படியில் கிடந்தது. சிறுநீரகம் கிணற்றடியில், தண்ணீர் படாமல் ஒரு பொலித்தீன் பையில். நரம்புகளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில் நின்று படிப்பார். இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு வீடு, விடியக் கரைக்கு வரும் ஒரு கணவன். இவற்றுக்கிடையில் படிப்புக்கென்று தனியாக ஒரு மணித்தியாலமும் கிடைக்காது என்று தெரிந்ததும், கிடைக்கிற பத்து நிமிடங்களுக்கு ஏற்றபடி படிப்பை வெட்டிவிட்டார். மஞ்சள் கறையும் மீன் செதிலும் ஒட்டிய அந்தத் துண்டுகளைப் பார்த்தபோது என் பொன் எழுத்துப் புத்தகத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் வைத்திருந்தார்: பிழைக் கொப்பி. பழைய வினாத்தாள்களைச் செய்து பார்த்து, பிழைத்த கேள்விகளுக்கு எல்லோரும் சரியான விடையை எழுதி வைப்பார்கள். அக்கா விடையை எழுதமாட்டார். ஏன் பிழைத்தது என்று மட்டும் எழுதுவார். 'அவசரம்.' 'பாதிக் கேள்வியோடு விடைக்குப் போய்விட்டேன்.' 'தெரியாததைத் தெரிந்த மாதிரி எனக்கே நடித்தேன்.' கொப்பி நிறைய அப்படித்தான். பிள்ளைகள் கூடத் தங்களைப் பற்றி இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதமாட்டார்கள்.

அவர் ஏற்கெனவே இரண்டு முறை செய்முறையில் தவறியவர். அடுத்தது மூன்றாவது. "இந்த முறையும் இல்லையெண்டால் கட்டி வைச்சிடுவன் தம்பி. பிள்ளையளுக்கு அம்மா டொக்டரோ இல்லையோ எண்டு ஒரு முடிவு தெரியவேணும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அழுது சொல்லவில்லை. மீன் வெட்டிக்கொண்டு சொன்னார். அவர் சொன்னால் செய்வார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயமாக இருந்தது.

செய்முறைக்குப் பழக உடம்பு வேண்டும். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இடமில்லை. கலியாணமாகாத ஓர் உரும்பிராய்ப் பொடியனும் ஒரு குடும்பப் பெண்ணும் ஆளையாள் தட்டிப் பார்த்துப் பழகுவதென்பது எங்கள் ஊரில் நினைத்தும் பார்க்க முடியாதது. ஒன்றாக இருந்து படிப்பதே கதவு, யன்னல், படலை எல்லாவற்றையும் திறந்து வைத்துத்தான். அப்படிப்பட்ட இடத்தில், வீட்டுக்காரரே சேட்டுப் போடாமல் விறாந்தையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தால் அதைவிட வசதி என்ன இருக்கிறது? அக்காதான் முதலில் யோசித்தார். தவம் அண்ணை மறுக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"உடம்பைத் தாறன் தம்பி, என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. ஆனால் வருத்தம் எண்டு வாயாலை சொல்லமாட்டன். பின்னேரம் கடலுக்குப் போறனான்."

கடலுக்குப் போகிறவர் இல்லாத வருத்தத்தை வாயால் சொன்னால் அது வந்து ஏறிக்கொள்ளும் என்று அவர்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஆகவே நோயாளி மாதிரி நடிக்கச் சொல்லி எவ்வளவு கெஞ்சினாலும் நடக்கவில்லை. நெஞ்சு நோகுதோ என்று கேட்டால், இல்லை. களைக்குதோ, இல்லை. கால் வீங்குதோ, ஏன் வீங்க வேணும் என்று திருப்பிக் கேட்பார். மூன்றாவது கேள்விக்கு நித்திரையாகிவிடுவார். நித்திரையிலும் கெட்டிக்காரர். மூச்சை இழுத்துப் பிடியுங்கோ என்று அக்கா சொன்னால் குறட்டையை அப்படியே நிறுத்திப் பிடித்திருப்பார். விடுங்கோ என்று சொல்ல அக்கா மறந்துபோன ஒரு நாள், அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அனுமதி கேட்காமலே மூச்சை விட்டார்.

அக்கா நாடித் துடிப்பை அந்தப் பனி நாட்டு மொழியில்தான் எண்ணுவார். அடின், த்வா, த்ரி என்று உதடு மட்டும் அசையும். அங்கே பழகியது, விடமுடியவில்லை. கேட்டுக் கேட்டுத் தவம் அண்ணைக்கும் பாடமாகிவிட்டது. சந்தையில் பாரை மீனை எண்ணிப் போடும்போது அடின், த்வா என்று போடுகிறாராம் என்று பருத்தித்துறையில் ஒரு பேச்சு.

எனக்கு மூன்று மாதத்தில் அலுத்துப்போய்விட்டது. எத்தனை நாளைக்கு ஒரு சுகமான மனிதனின் நெஞ்சைக் கேட்பது? ஈரல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, சுவாசம் இழைத்துவிட்ட பலகை மாதிரி வழுவழுப்பாக வந்தது, இருதயம் லப், டப் என்றது. சோதினையில் சுகமான ஆளையா தரப் போகிறார்கள்? நான் நோய்பட்ட இருதயங்களின் சத்தங்களைத் தொலைபேசியில் இறக்கி, காதில் செருகிக்கொண்டு பஸ்ஸிலும் தோட்டத்திலும் கேட்டுத் திரிந்தேன். ஊதல், உரசல், உறுமல் எல்லாம் தலைகீழாகப் பாடம். பருத்தித்துறைக்குக் கிழமையில் இரண்டு நாள் போனால் பெரிய காரியம். அக்கா மட்டும் ஒரு நாளும் விடவில்லை. பத்து மணி என்றால் பாயருகில் முழங்காலில் இருப்பார்.

எழுத்துப் பரீட்சையை அக்கா மறுபடியும் எழுத வேண்டியிருந்தது; அதில் இரண்டு பேரும் சித்தி. செய்முறை கொழும்பில், இருவருக்கும் ஒரே நாள், ஒரே வரிசை. எனக்கு அடுத்ததாக அக்கா. கட்டிலில் நடுத்தர வயதில் ஒருவர் சாய்ந்து படுத்திருந்தார். பக்கத்தில் இரண்டு பரீட்சகர்கள். இவருடைய இருதயத்தைப் பரிசோதியுங்கள், ஆறு நிமிடம் என்றார்கள்.

குழாயை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சோதினைக் கட்டிலில் ஒன்றுமில்லாத ஆள் படுத்திருப்பாரா? நான்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து, இன்னும் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டேன். மெல்ல ஓர் உறுமல் வந்தது. சத்தியமாக வந்தது. தொலைபேசியில் நூறு தடவை கேட்ட அதே உறுமல். சொன்னேன். நிச்சயமா என்று கேட்டார்கள். நிச்சயம் என்றேன். எந்த வால்வு, எவ்வளவு சுருங்கியிருக்கிறது, எத்தனை வருடமாக என்று கேட்கக் கேட்க அள்ளிக் கொட்டினேன். ஒரு பரீட்சகர் கதிரையில் சாய்ந்து மெல்லச் சிரித்தார். என் திறமைக்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் நான்.

அடுத்த நாள் காலை ரயிலில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மாங்குளம் தாண்டும்போது அந்தக் கட்டிலில் என்ன சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். ஆறு நிமிடமும் கேட்டாராம். இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்துக் கேட்டாராம். கடைசியில், ஒன்றும் இல்லை, இது சுகமான இருதயம் என்று சொன்னாராம். சோதினைக்குச் சுகமான ஆளைக் கொண்டுவந்து படுக்க வைப்போமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வைத்திருக்கிறீர்கள் சேர் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

எனக்கு அக்காவை நினைக்கப் பாவமாக இருந்தது. மூன்றாவது தடவையும் போய்விட்டதே. நான் மெதுவாக, பெரிய மனிதன் போல, அதில் ஓர் உறுமல் இருந்தது அக்கா என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீர் வடிவாக் கேட்டனீரோ?"

"ஓம் அக்கா. தெளிவாக் கேட்டது."

பையிலிருந்து பிழைக் கொப்பியை எடுத்துத் திறந்தார். பேனையின் மூடியைக் கழற்றினார். பிறகு ஒன்றும் எழுதாமல் மூடினார்.

"எழுத ஒண்டும் இல்லைத் தம்பி. எனக்குக் கேட்டதைத்தான் சொன்னனான்" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பதினொரு துண்டையும் வலைநூலால் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாராம். முடிவு வரும்வரைக்கும் ஏழெட்டுக் கிழமை பிள்ளைகளின் தலைவாருவது, மீன் வெட்டுவது, துணி தோய்ப்பது என்று வாய்திறவாமல் திரிந்தாராம். தவம் அண்ணைதான் பிறகு சொன்னார். அந்த ஏழெட்டுக் கிழமையும் நான் உரும்பிராயில் சட்டைக் கொலர் கசங்காமல் திரிந்தேன். இல்லாத ஓர் உறுமலைச் சொல்லி ஒரு நல்ல மனுசியை அத்தனை நாள் வதைத்திருக்கிறேன் என்பதை இன்று நினைத்தாலும் மனம் குறுகுகிறது.

முடிவு வந்தது. அக்கா சித்தி. நான் இல்லை. ஏதாவது ஒரு கட்டிலில் சுகமான ஆளைப் படுக்க வைப்பது அந்தப் பரீட்சகரின் வழக்கம் என்று பிறகு ஒரு நண்பன் சொன்னான்.

அன்று பின்னேரமே அக்காவும் தவம் அண்ணையும் மோட்டார் சைக்கிளில் உரும்பிராய்க்கு வந்தார்கள். தவம் அண்ணை கையில் பெரிய விளைமீன் ஒன்று. தன் மகன் தோற்ற வீட்டுக்கு வென்றவர்கள் மீன் கொண்டு வருகிறார்களே என்று அம்மா முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். அக்கா வலைநூலால் கட்டிய பதினொரு துண்டையும் என் கையில் தந்தார். ரயிலில் நான் சொன்னதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாரும். அவர் படுப்பார்" என்றார்.

பிழைக் கொப்பியையும் நீட்டினார். அக்காவின் எழுத்துக்குக் கீழே நான் எழுதினேன்: 'கேட்க விரும்பியதைக் கேட்டேன்.' அம்மா அந்த வாரமே மருதனார்மடத்துக்குப் போய் வடைமாலையைச் சாத்திவிட்டு வந்தார். அந்தப் பிள்ளை பாஸ் பண்ணினதுக்கு என்றார். எனக்கென்று தனியாக இன்னொன்று ஒப்புக்கொண்டதைப் பிறகுதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் தவம் அண்ணையின் நெஞ்சைக் கேட்கத் தொடங்கினேன். நாளாந்தம், ஏழு மாதம். அக்கா ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போன பின்பும் நான் போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வீட்டில் நானும் நித்திரை கொள்ளும் அண்ணையும் மட்டும். லப் என்பது எவ்வளவு தடிப்பு, டப் என்பது எவ்வளவு கூர்மை, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு சுத்தமான அமைதி என்று அப்போதுதான் தெரிந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது டப் என்பது மெல்ல இரண்டாகப் பிரியும், விடும்போது ஒன்றாகச் சேரும். கடல் நன்றாக இருந்த நாட்களில் நிதானமாக அடிக்கும். காற்றுப் பிழைத்துத் தொழிலுக்குப் போகாத நாட்களில் கொஞ்சம் அவசரப்படும். அடுத்த தடவை நான் சித்தியடைந்தேன். அன்றிலிருந்து எந்த நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்தாலும் முதலில் தவம் அண்ணையின் நெஞ்சை ஒருகணம் மனதில் கேட்டுக்கொள்வேன். அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் என் வைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை நீலக் குழாயைக் கழுத்தில் போடாமல் சேட்டுப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வல்லை வெளியில் காற்று யன்னலால் அடித்து என் தலையைக் கலைத்தது. முன்பு இதே காற்றில் உறுமல்களைக் காதில் செருகிக்கொண்டு போனவன் இப்போது கொஞ்சம் வழுக்கையோடு போகிறேன்.

விறாந்தைக்குக் கம்பி அடித்து, மாபிள் பதித்திருந்தார்கள். பாய் மட்டும் விரித்திருந்தது. தவம் அண்ணை படுத்திருந்தார். தாடியில் பாதி வெள்ளை. வழக்கத்துக்கு மாறாக, பத்து மணியாகியும் நித்திரை கொள்ளவில்லை. அக்கா தூணோடு நின்றார்.

"ஆறு நிமிசம். கேட்டுப்போட்டுச் சொல்லும்" என்றார்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. முழங்காலில் இருந்துகொண்டு குழாயை வைத்தேன். அதே மண்ணெண்ணெய், அதே சவர்க்காரம். லப். பிறகு, டப் வருமுன், அந்தச் சுத்தமான அமைதி இருக்க வேண்டிய இடத்தில், ஈரச் சாரத்தைத் தோய்க்கிற கல்லில் இழுத்த மாதிரி மெல்லிய ஓர் உரசல்.

இல்லை என்று நினைத்தேன். குழாய் பழையது, றப்பர் விறைத்தது என்று நினைத்தேன். அக்காவின் குழாயை வாங்கி வைத்துக் கேட்டேன். இடப்பக்கம் திருப்பிக் கேட்டேன், இருத்திக் கேட்டேன். ஒன்றும் கேட்காமல் இருக்க வேண்டும் என்று அவ்வளவு விரும்பினேன். ஆறு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு உரசல் இருக்கு அக்கா" என்றேன்.

"ஓம்" என்றார் அக்கா. "செவ்வாய்க்கிழமை ஸ்கான் எடுக்கப் போறம். அதுக்கு முந்தி உமக்கும் கேக்குதோ எண்டு தெரியவேணும். இவரின்ரை நெஞ்சு தெரிஞ்சது எங்கள் ரெண்டு பேருக்கும்தான்." கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் தளர்ந்தது. சோதினைக் காலத்தில் ஒருநாளும் தளராத குரல்.

வயதோடு வரும் சின்ன உரசலாகத்தான் இருக்கும், பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் தவம் அண்ணைக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் எழும்பி இருந்து, சேட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இந்த முறை ஒண்டைத்தான் சொல்லுறியள்" என்றார். "அப்ப ரெண்டு பேரும் பாஸ்."

இப்போதும் பாருங்கள், வருத்தம் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக இருந்து விளைமீன் குழம்போடு சாப்பிட்டோம். நான் அன்று படித்த அந்தச் சுகமான நெஞ்சின் சத்தம் என் காதில் இருக்கிறது, அக்காவின் காதில் இருக்கிறது. நாளைக் காலையும் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களின் நெஞ்சை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். தவம் அண்ணையிடம்தான் அது இப்போது இல்லை.